ஜப்பானியப் போர் விமானங்களை எங்கே காணலாம், எப்படிக் காணலாம்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பான் கட்டிய விமானங்களின் எண்ணிக்கை எழுபதாயிரத்தைத் தாண்டும். 1945 ஆகஸ்டில் அந்நாடு சரணடைந்த பின்னர், ஓடுதளங்களில் எஞ்சி நின்றவற்றில் மிகப் பெரும்பகுதியை வெற்றி பெற்ற நேச நாட்டுப் படைகள் எரித்தும் நொறுக்கியும் அழித்துவிட்டதால், இன்று காட்சிக்கு இருப்பவை மிகச் சிலவே. சில வகைகளில் உலகம் முழுவதற்கும் ஒரே ஒரு விமானம்தான் மிஞ்சியிருக்கிறது. இந்த மிச்சங்களைத் தேடிச் செல்லும் பயணம் விமானப் பிரியர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பொதுவாக இருந்தாலும், தமிழ் வாசகருக்கு அதில் நேரடியான உறவு உண்டு. 1942 ஏப்ரலில் வங்கக் கடலில் நுழைந்த ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. சென்னை நகரம் பாதி காலியானது. அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற குடும்பங்கள் ஜப்பானிய ஆட்சியின் கீழ் சிக்கி, அவற்றில் பல, ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆட்களைப் பலி கொடுத்தன. ஆகவே ஒரு ஜப்பானியப் போர் விமானத்தின் முன் நிற்கும் தமிழர், அதன் பொறியியலை வியப்பதோடு, அது யாரைத் தாக்கப் பறந்தது, யாருடைய உழைப்பின் மீது அந்தப் பேரரசு நின்றது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியவராகிறார்.

தில்லி பாலத்தில் ஓர் ஓக்கா

இந்தியாவிலேயே அசலான ஜப்பானியப் போர் விமானம் ஒன்றைக் காண விரும்புவோர் செல்ல வேண்டிய இடம், தில்லி பாலம் விமானப்படைத் தளத்தை ஒட்டி அமைந்துள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகம். சேலம் சந்திப்பு வழியாகச் செல்லும் கேரளா எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்களில் தில்லிக்குச் செல்வோர் ஒரு முற்பகலை ஒதுக்கினால் இதைப் பார்த்துவிடலாம். விடுமுறை நாட்களை மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. 1967இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், இந்திய விமானப்படையின் தொடக்க காலத்தைச் சேர்ந்த வாபிட்டி, போர்க்காலத்து ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் ஆகியவற்றோடு, ‘ஓக்கா’ என்ற ஜப்பானிய விமானமும் வைக்கப்பட்டிருக்கிறது.

முதற்பார்வையில் ஓக்கா ஒரு விமானமாகவே தோன்றுவதில்லை. சுமார் 6 மீட்டர் நீளம், 5 மீட்டரைச் சற்றே தாண்டும் இறக்கை விரிவு, மரத்தால் செய்த குட்டையான இறக்கைகள், பின்பக்கத்தில் இரட்டை வால் துடுப்புகள் என அளவில் சிறியதான அதன் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தால், அங்கே சக்கரங்களே இல்லை என்பது தெரியவரும். தரையிறங்கும் தேவையே இல்லாமல் வடிவமைக்கப்பட்ட விமானம் அது. மூக்குப் பகுதியில் 1,200 கிலோ வெடிமருந்து, அதற்குப் பின்னால் ஒருவர் மட்டும் அமரும் சிறு அறை, அதற்கும் பின்னால் திட எரிபொருளில் இயங்கும் 3 ராக்கெட்டுகள் என்பதே அதன் முழு அமைப்பு. மிட்சுபிஷி நிறுவனத்தின் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்று இதைத் தன் வயிற்றுக்கு அடியில் சுமந்து செல்லும். எதிரிக் கப்பல்கள் நெருங்கியதும் விமானி பெரிய விமானத்திலிருந்து கீழே இறங்கி ஓக்காவின் இருக்கையில் அமர, அது கழற்றிவிடப்படும். முதலில் சறுக்கியும் பின்னர் ராக்கெட்டுகளின் உந்துதலால் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்திலும் பாய்ந்து, விமானியோடு சேர்ந்து அது கப்பலின் மீது மோதி வெடிக்கும்.

போரின் கடைசிக் கட்டத்தில் பிறந்த இந்தத் திட்டம் அதை வகுத்தவர்கள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1945 மார்ச் 21 அன்று முதன்முறையாக இவற்றோடு புறப்பட்ட 18 குண்டுவீச்சு விமானங்களும், இலக்கை அடையும் முன்பே அமெரிக்கப் போர் விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டன; கனமான சுமையால் அவற்றின் வேகம் குறைந்திருந்ததே இதற்கு முதற்காரணம். அதே ஆண்டு ஏப்ரல் 12 அன்று ஒகினாவா அருகே ‘மேனர்ட் எல். ஏபல்’ என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தது ஓக்காவின் குறிப்பிடத்தக்க வெற்றி. இந்த வகையில் 750க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டும், அவற்றில் பெரும்பாலானவை பயன்படுத்தப்படாமலே போர் முடிந்துவிட்டது. அதனால்தான் பல நாடுகளின் அருங்காட்சியகங்களில் ஓக்காவைக் காண முடிகிறது. ஓர் அரசு தன் இளைஞர்களை ஆயுதத்தின் ஓர் உறுப்பாகக் கணக்கிட்டுவிட்டது என்பதை, சக்கரங்கள் இல்லாத அந்த அடிப்பகுதி எந்த விளக்கப் பலகையையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

இலங்கையில் 1942 ஏப்ரலின் தடயங்கள்

நாமக்கல், சேலம் பகுதியினருக்கு அருகிலுள்ள அயல்நாட்டுத் தலம் இலங்கை. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோ சூய்ச்சி என்ற தளபதி, அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு ஆகிய 5 விமானந்தாங்கிக் கப்பல்களோடு 1942 மார்ச் இறுதியில் இந்தியப் பெருங்கடலில் நுழைந்தார். விமானந்தாங்கிக் கப்பல் என்பது மேல்தளத்தையே ஓடுதளமாகக் கொண்டு, நடுக்கடலில் விமானங்களை ஏவவும் ஏற்கவும் வல்லது. ஏப்ரல் 4 அன்று, தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா என்ற நீர்வான் விமானத்தில் ரோந்து சென்ற லியோனார்டு பிர்ச்சல் என்ற கனடிய அதிகாரி இந்தக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் எச்சரித்தார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியும்வரை ஜப்பானியரின் கைதியாக இருந்தார்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, அவற்றை எதிர்க்க ஹரிகேன் விமானங்கள் எழும்பிய இடங்களில் இரண்டை இன்றும் காணலாம். ஒன்று இரத்மலானை விமான நிலையம்; அங்கேதான் இலங்கை விமானப்படையின் அருங்காட்சியகம் இப்போது இயங்குகிறது. மற்றொன்று கொழும்பு நகருக்குள்ளேயே இருந்த குதிரைப் பந்தயத் திடல். போருக்காக ஓடுதளமாக மாற்றப்பட்ட அத்திடல் இன்று விளையாட்டரங்கமும் கடைகளும் கொண்ட வளாகமாக இருக்கிறது. அதே நாளில் கடலில் டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற 2 பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டதில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஏப்ரல் 9 அன்று திருகோணமலையின் முறை வந்தது. சீனன்குடாவில் பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்க் குதத்தின் பெரும் தொட்டிகள் ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் கொள்ளளவு கொண்டவை. அன்றைய தாக்குதலில் அவற்றுள் ஒன்று தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. குண்டடிபட்ட ஜப்பானிய விமானம் ஒன்று அதன் மீது வேண்டுமென்றே மோதியதாகவே திருகோணமலையில் இன்றும் சொல்லப்படுகிறது. வெப்பத்தில் உருகிச் சுருங்கிய அந்த எஃகுச் சுவரின் மிச்சம் காடு மூடிய நிலத்தில் கிடக்கிறது. குதத்தின் ஒரு பகுதியை இந்திய எண்ணெய்க் கழகத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. பயன்படுத்திவருவதால், அனுமதி பெற்றே அங்கே செல்ல முடியும். நிலாவெளிச் சாலையில் உப்புவெளியில் உள்ள பொதுநலவாயப் போர்க் கல்லறைக்கோ எவரும் செல்லலாம். பல நாடுகளைச் சேர்ந்த படையினர் அங்கே ஒரே ஒழுங்கில் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர்.

அதே நாளில் மட்டக்களப்புக்குக் கிழக்கே ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியப் பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்கள் சில நிமிடங்களில் மூழ்கடித்தன. செங்குத்தாகப் பாய்ந்து, குறியை நெருங்கியதும் குண்டை விடுவித்து மீண்டும் எழும்புபவை பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்கள். ஹெர்மிஸ் கப்பலில் அப்போது போர் விமானங்கள் எவையும் இல்லாததால், தன்னைக் காத்துக்கொள்ளும் வழியின்றி அது 300க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கும் அதன் உடலை, மேம்பட்ட பயிற்சி பெற்ற முக்குளிப்போர் மட்டுமே சென்று காண்கின்றனர். அதுவும் ஒரு கல்லறைதான் என்பதால், அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது என்பது எல்லோரும் மதிக்க வேண்டிய நெறி.

சோழமண்டலக் கரையும் உள்நாட்டு ஓடுதளங்களும்

கொழும்புத் தாக்குதலுக்கு மறுநாள், ஏப்ரல் 6 அன்று, ‘ர்யுஜோ’ என்ற மற்றொரு விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்த விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. இந்திய மண்ணில் விழுந்த தொடக்கக் குண்டுகளில் சில அவை. அந்தக் காலத்தில் எறியப்பட்டு வெடிக்காமல் போன ஜப்பானியக் குண்டு ஒன்று விசாகப்பட்டினத்தின் விசாகா அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தாக்குதல் செய்தி பரவியதும் சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக உள்மாவட்டங்களுக்குப் புறப்பட்டனர். அரசு அலுவலகங்கள் பல இடம் மாற்றப்பட்டன. கூண்டுகள் உடைந்தால் ஆபத்து என்று கருதி உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையின் மீது பறந்து சில குண்டுகளை வீசியதோடு நேரடித் தாக்குதல் நின்றுபோனாலும், அச்சம் ஏற்படுத்திய இடப்பெயர்வு பல குடும்பங்களின் நினைவில் நெடுங்காலம் தங்கியது.

இந்தத் தாக்குதல்களுக்கு விடையாகத் தமிழகத்தின் சமவெளிகளில் ஓடுதளங்கள் எழுந்தன. சூலூர், சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு ஆகிய இடங்களில் இருந்த போர்க்கால விமானத் தளங்களில் சூலூர் இன்றும் விமானப்படைத் தளமாக இயங்குகிறது. மற்றவை வேறு பயன்களுக்கு மாறியோ கைவிடப்பட்டோ போயின. கோவையில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய விமானப் பழுதுபார்ப்புத் தளம் ‘கருடா’ என்ற பெயரில் இயங்கியது. நாமக்கல்லிலிருந்து இவை ஒவ்வொன்றும் ஒரு நாளில் போய்த் திரும்பும் தொலைவில் இருப்பதால், விமானம் எதுவும் இல்லாத அந்த ஓடுதளங்களையும் பள்ளி மாணவர்கள் வரலாற்றுத் தலங்களாகப் பார்க்கப் பழக வேண்டும்.

‘ஸீரோ’வின் உடலும் சேலத்து மலைகளின் கனிமமும்

ஜப்பானில் தனி விமானப்படை என்று ஒன்று இருக்கவில்லை. கடற்படையும் தரைப்படையும் தத்தமக்கென விமானப் பிரிவுகளை வைத்துக்கொண்டு, தனித்தனியே விமானங்களை வடிவமைத்து, தனித்தனியே பெயரிட்டன. இதை அறிந்துகொண்டால் அருங்காட்சியகங்களில் காணும் பெயர்க் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இலங்கையைத் தாக்கியவை கடற்படையின் விமானங்கள். அவற்றுள் புகழ்பெற்றது ‘ஸீரோ’. ஜப்பானியப் பேரரசு மரபுக் கணக்கில் 2600ஆம் ஆண்டான 1940இல் ஏற்கப்பட்டதால், அந்த எண்ணின் கடைசி இலக்கமே அதற்குப் பெயரானது. மிட்சுபிஷி நிறுவனத்தின் ஹோரிகோஷி ஜிரோ தலைமையில் உருவான இந்த விமானம் 10,000க்கும் மேல் கட்டப்பட்டது. 1940 செப்டம்பரில் சீனாவின் சோங்சிங் வானில் தன் முதல் போரை நடத்தியது.

1,000 குதிரைத்திறனுக்கும் குறைவான எஞ்சினை வைத்துக்கொண்டு 3,000 கிலோமீட்டர் வரை பறக்கவும், எதிரியைவிட வேகமாக வளைந்து திரும்பவும் வேண்டும் என்று கடற்படை கேட்டதால், எடையைக் குறைப்பதே ஹோரிகோஷியின் ஒரே வழியாக இருந்தது. நாமக்கல், திருச்செங்கோடு பகுதியின் பாடி கட்டும் பட்டறைகளில் லாரியின் பாரத்தை அடியிலுள்ள சேஸிஸ் தாங்க, அதன் மேல் பாடி பொருத்தப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விமானத்தின் புதுமை எளிதில் புரியும்: ஸீரோவில் தனியாகப் பாரம் தாங்கும் சட்டம் கிடையாது, மெல்லிய உலோகத் தோலும் அதன் உட்புற வளையங்களும் சேர்ந்தே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. இறக்கைகளும் நடுவுடலும் ஒரே துண்டாகக் கட்டப்பட்டதால், இணைப்புப் பூட்டுகளின் எடையும் மிச்சமானது. திறந்த நிலையில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஸீரோவை அருகில் நின்று பார்ப்பவர்கள், உட்புறச் சட்டங்களில் வரிசை வரிசையாக வட்டத் துளைகள் இடப்பட்டிருப்பதையும், விமானி அமரும் இருக்கையின் தகட்டில்கூட அதே துளைகள் இருப்பதையும் காணலாம். ஒவ்வொரு துளையும் சில கிராம் எடையை மிச்சப்படுத்தியது. ஆனால் அதே சிக்கனத்தால் விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடும், குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் தொடக்க கால ஸீரோவில் இல்லாமல் போயின. ஒரு சில தோட்டாக்களே அதைத் தீப்பந்தாக்கப் போதுமானவையாக இருந்தன.

இவ்விமானத்தின் முதன்மைச் சட்டத்திற்குப் பயன்பட்டது, சுமிதோமோ நிறுவனம் 1936இல் உருவாக்கிய, துத்தநாகமும் மக்னீசியமும் கலந்த உறுதியான அலுமினியக் கலவை. அலுமினியத்தின் மூலத் தாதுவான பாக்சைட், ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் மேட்டூர் ஆலைக்குச் சென்றதைச் சேலம், நாமக்கல் மக்கள் அறிவர். மக்னீசியத்தின் தாதுக்களுள் ஒன்றான மேக்னசைட் சேலத்தை ஒட்டிய கரட்டுப் பகுதியில் வெட்டப்படுவதும் அவர்களுக்குப் புதிதல்ல. உலோகங்கள் சரியான விகிதத்தில் கலக்கும்போது எஃகை நெருங்கும் வலிமை கிடைக்கிறது என்பதற்கு இந்தக் கலவை நல்ல சான்று. இன்றைய விமானத் தொழிலில் பரவலாக உள்ள 7075 என்ற கலவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் காலப்போக்கில் அரிப்புக்கும் விரிசலுக்கும் எளிதில் ஆளாகும் குணம் அந்த ஜப்பானியக் கலவைக்கு இருந்ததால், காடுகளிலும் கடலிலும் கிடந்து மீட்கப்பட்ட ஸீரோக்களை மீண்டும் பறக்கவைப்பது அரிது. பறக்கும் நிலையில் உள்ளவற்றில் பெரும்பகுதி புதிதாகச் செய்த உதிரிகளால் ஆனது. கலிபோர்னியாவின் சீனோ நகரிலுள்ள ‘பிளேன்ஸ் ஆஃப் ஃபேம்’ அருங்காட்சியகத்தில், 1944இல் சைபன் தீவில் கைப்பற்றப்பட்ட ஸீரோ ஒன்று தன் அசலான எஞ்சினோடு பறக்கும் நிலையில் காக்கப்படுவது இதனால்தான் பெரிதாகப் பேசப்படுகிறது.

ஜப்பானுக்குள்ளேயே இரு விதக் கூடங்கள்

ஜப்பானுக்குச் செல்லும் தமிழர்கள் எளிதில் காணக்கூடியது தோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்திலுள்ள யூஷூகான் அருங்காட்சியகம். அதன் நுழைவுக் கூடத்தில் ஒரு ஸீரோ பளபளப்பாக நிற்கிறது. அதன் அருகே சி56 வகையைச் சேர்ந்த 31ஆம் எண் நீராவி ரயில் எஞ்சின் ஒன்று நிற்கிறது. அந்த எஞ்சின் சயாம்–பர்மா ரயில் பாதையில் ஓடியது. 1943 அக்டோபரில் பாதை திறக்கப்பட்டபோது பங்கேற்று, 1979இல் தாய்லாந்திலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டது. அந்தப் பாதையை அமைக்கும் பணியில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அந்தத் தொழிலாளர்களில் கணிசமான பகுதியினர் மலாயாவின் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பலவந்தமாகவும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள். அவர்களின் சொந்த ஊர்கள் அன்றைய சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு மாவட்டங்களில் பரவியிருந்தன. காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன. யூஷூகான் அந்த எஞ்சினைப் பொறியியல் சாதனையாகக் காட்டுகிறதே தவிர, இந்த இறப்புகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பது பல நாட்டு ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. அந்தக் கூடத்தில் நிற்கும் தமிழர் அந்த வெற்றிடத்தைத் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் தமிழ் அமைப்புகள் அண்மையில் நடுகல் ஒன்றை எழுப்பியிருப்பது இந்த மறதிக்கு ஒரு நேர்மையான மறுமொழி.

கியூஷு தீவிலுள்ள கூடங்கள் வேறு தொனியில் பேசுகின்றன. ககோஷிமா மாவட்டத்தின் சிரான் நகரிலிருந்து 1945இல் தரைப்படையின் தற்கொலைத் தாக்குதல் விமானங்கள் ஒகினாவாவை நோக்கிப் புறப்பட்டன; ஒகினாவாப் போரில் தரைப்படையின் இத்தகைய தாக்குதல்களில் இறந்த 1,036 பேரின் படங்களும் கடிதங்களும் சிரான் அமைதி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் பதினேழு வயதினரும் உண்டு. அங்கே உள்ள ஸீரோ, 1980இல் கொஷிகி தீவுக்கருகே கடலடியிலிருந்து எடுக்கப்பட்டது. அது புதுப்பிக்கப்படாமல், அரித்த உலோகமும் சிதைந்த உடலுமாக, கிடைத்த நிலையிலேயே காட்டப்படுகிறது. அதே கூடத்தில் ‘ஹயாட்டே’ என்ற தரைப்படைப் போர் விமானம் நிற்கிறது. பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்களால் கைப்பற்றப்பட்டு, பின்னர் ஜப்பானுக்குத் திரும்பிய அது, தன் வகையில் உலகில் எஞ்சிய ஒன்றே ஒன்று.

ஃபுக்குவோகா மாவட்டத்தின் தச்சியாராய் அமைதி நினைவகம், ஸீரோவின் 32ஆம் வடிவத்தையும், 1996இல் ஹக்காத்தா விரிகுடாவிலிருந்து மீட்கப்பட்ட தரைப்படையின் 97ஆம் வகைப் போர் விமானத்தையும் காட்டுவதோடு, 1945 மார்ச் 27 அன்று அங்கிருந்த விமானத் தளத்தின் மீது அமெரிக்கர்கள் குண்டு வீசியபோது இறந்த முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளையும் நினைவுகூர்கிறது. கனோயா கடற்படைத் தளத்தின் அருங்காட்சியகத்தில் நான்கு எஞ்சின்கள் கொண்ட பெரிய நீர்வான் விமானம் ஒன்று திறந்தவெளியில் நிற்கிறது. தன் வகையில் உலகில் எஞ்சிய ஒரே விமானம் அதுதான். விமானத்தையும் மனிதரையும் பிரிக்காமல் ஒன்றாகக் காட்டும் முறையில் இத்தகைய ஊர்க் கூடங்கள் தலைநகரின் பெரிய கூடத்தைவிட நேர்மையாக இருக்கின்றன.

டார்வினிலும் யோக்யகர்த்தாவிலும்

தமிழர்கள் கணிசமாக வாழும் ஆஸ்திரேலியாவில், டார்வின் விமான அருங்காட்சியகத்தில் உள்ள ஸீரோவின் சிதைவு இலங்கைக் கதையோடு நேரடியாக இணைகிறது. 1942 பிப்ரவரி 19 அன்று டார்வினைத் தாக்கிய ஹிர்யு கப்பலின் விமானங்களில் ஒன்று, எண்ணெய்த் தொட்டியில் பாய்ந்த தோட்டாவால் மெல்வில் தீவில் இறங்க நேர்ந்தது. அதன் விமானி தொயோஷிமா ஹஜிமேயை, மத்தாயஸ் உலுங்குரா என்ற தீவுப் பழங்குடி மனிதர் பிடித்து ஒப்படைத்தார். அதே ஹிர்யு அடுத்த ஏழு வாரங்களுக்குள் இலங்கைக் கடலில் இருந்தது. ஆகவே டார்வினில் கிடக்கும் அந்த உடைந்த உலோகம், கொழும்பு வானில் பறந்த விமானங்களின் நேர் உறவு.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகம் இன்னொரு பாடத்தைச் சொல்கிறது. ஜப்பானியர் விட்டுச்சென்ற பயிற்சி விமானங்களைப் பழுது பார்த்து, 1945 அக்டோபரில் சிவப்பு வெள்ளைச் சின்னம் பூசி இந்தோனேசிய விமானிகள் பறந்தனர். 1947 ஜூலை 29 அன்று டச்சுப் படைகளின் மீது தங்கள் முதல் வான் தாக்குதலை நடத்தியபோதும் அத்தகைய விமானங்களைப் பயன்படுத்தினர். ஆக்கிரமிப்பின் கருவி அடிமைப்பட்ட நாட்டின் கையில் விடுதலைக் கருவியாக மாறியதை அந்த மஞ்சள் நிற இரட்டைத்தட்டு இறக்கை விமானங்கள் நினைவூட்டுகின்றன. அமெரிக்காவில், வாஷிங்டனை அடுத்த ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உத்வர்-ஹேசி மையத்தில், நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவுவதற்காக இறக்கைகள் மடியுமாறு செய்யப்பட்ட ‘செய்ரான்’ விமானத்தின் ஒரே மிச்சம் காக்கப்படுகிறது.

பார்ப்பதற்கு ஒரு முறை

இத்தகைய கூடங்களுக்குச் செல்வோர் ஒவ்வொரு விமானத்திடமும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகினால், காட்சி கல்வியாக மாறும். முதலாவது, இது அசலா, புதுப்பித்ததா, மாதிரியா என்பது. திரைப்படத்துக்காகவோ விழாவுக்காகவோ செய்த மாதிரிகள் பல கூடங்களில் அசல்களோடு நிற்கின்றன; புத்தம் புதிய வண்ணமும், சிறு பள்ளம்கூட இல்லாத உலோகத் தோலும் தென்பட்டால் விளக்கப் பலகையைக் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டாவது, இது எங்கிருந்து, எப்படி இங்கே வந்தது என்பது. கடலடியிலிருந்து வந்த விமானத்திற்கும், கைப்பற்றப்பட்ட விமானத்திற்கும், சிதைவுகளை ஒட்டிக் கட்டிய விமானத்திற்கும் சான்று மதிப்பு வேறுபடும். மூன்றாவது, பலகை யாரைப் பற்றிப் பேசவில்லை என்பது. விமானியின் வீரம் மட்டும் எழுதப்பட்டிருந்தால் குண்டு விழுந்த ஊரையும், குண்டு விழுந்த ஊர் மட்டும் எழுதப்பட்டிருந்தால் அந்தப் போரைத் தொடங்கிய அரசையும், இரண்டும் எழுதப்பட்டிருந்தால் அந்த அரசுக்காகச் சாலையும் பாதையும் வெட்டி மடிந்த உழைப்பாளிகளையும் தேடிப் படிக்க வேண்டும்.

தமிழகத்திலும் இதற்கான பணி காத்திருக்கிறது. போர்க்கால ஓடுதளங்கள் இருந்த ஊர்களில் அவற்றின் வரலாற்றைத் தமிழில் சொல்லும் சிறு காட்சிக்கூடங்கள் அமைய வேண்டும்; மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் கடிதங்களும் படங்களும் வாய்மொழி நினைவுகளும் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வீடு வீடாகச் சேகரிக்கப்பட வேண்டும்; அவற்றை மாவட்ட அருங்காட்சியகங்கள் ஏற்றுப் பாதுகாக்க வேண்டும். பாலத்தில் நிற்கும் ஓக்காவையும் தோக்கியோவில் நிற்கும் ஸீரோவையும் பற்றி ஜப்பானியரும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஏராளமாக எழுதிவிட்டனர். அந்தப் போரால் கடலின் இரு கரையிலும் அலைக்கழிக்கப்பட்ட தமிழர்களின் பக்கத்தை எழுதும் பொறுப்பு தமிழர்களுடையது, அதற்குத் தேவையான சான்றுகளில் பல இன்னும் அந்த வீடுகளின் பழைய பெட்டிகளிலேயே இருக்கின்றன.